இடது கால் மட்டும் டெல்லி போனது

விமானத்தில் போய் வந்தவர்களை எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு மாதிரி மரியாதையோடுதான் பார்க்கிறார்கள். வேலை விஷயமாக வருடத்துக்கு நாலைந்து தடவை பறக்கிறவள் நான். எனக்கு அந்த மரியாதை சுத்தமாகப் போய்விட்டது. ஆம்பூரிலிருந்து திருப்பத்தூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஆளுக்கு ஒரு விலை சொல்வதில்லை. சன்னலோரம் உட்கார்ந்தால் தனிக் காசு எடு என்பதில்லை. வண்டி வராது என்றால், "வராதும்மா, அடுத்த வண்டில போ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். விமானக் கம்பெனிக்காரர்களுக்கு அந்த நேர்மை வராது. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு எட்டு போய் வந்தால் விலை ஏறியிருக்கும். வண்டி வராத விஷயத்தை, நம் பொறுமைக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நாம் எப்போது பொறுமையாக இருந்தோம் என்று நமக்கே தெரியாது.

இப்படி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமுக்கு நான் பொறுப்பு. ஆர்டர் கொடுக்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒவ்வொரு மாடலிலும் முதல் ஜோடியைச் செய்கிற இடம் அது. கம்பெனிக்கு நாட்றம்பள்ளிப் பக்கம் இன்னொரு யூனிட் இருந்தது. சுற்றுவட்டார கிராமத்துப் பெண்கள்தான் அங்கே முழுக்க. காலையில் கம்பெனி வேன் போய் ஏற்றிக்கொண்டு வரும். என் தங்கை அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலையில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். குடும்பம் ஓடியது தங்கையின் சம்பளத்தில்தான்.

போன வருடம் அந்த யூனிட்டுக்கு வேலை குறைந்துபோனது. முதலாளி ஒருநாள் நேரில் போய் எல்லாப் பெண்களையும் நிற்க வைத்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். டெல்லியில் ஒரு பெரிய பிராண்டு லேடீஸ் ஷூவுக்கு ஆர்டர் போடப்போகிறது. அது கிடைத்தால் இந்த யூனிட் ஓடும். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் பூட்டு. ஆம்பூருக்கு வந்து வேலை செய்யுங்கள் என்று சொல்ல முடியாது, அங்கேயும் ஆள் அதிகம். ஆகவே அந்த சாம்பிள்களை நாட்றம்பள்ளிப் பெண்களையே தைக்கச் சொன்னேன். என் தங்கை எந்த நேரமும் அதே நினைப்பாக இருந்தாள். தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பாள். நான் போதும் என்று பிடுங்கிக்கொண்டு வந்தால்தான் விடுவாள்.

இங்கே எங்கள் கம்பெனியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சாம்பிள் வெளியூர் போனால் இடது காலும் வலது காலும் ஒன்றாகப் போகக் கூடாது. இடது கால் எல்லாம் ஒரு பெட்டி, வலது கால் எல்லாம் ஒரு பெட்டி, இரண்டும் வேறு வேறு வண்டி. முதலாளியின் அப்பா காலத்தில் ரயில் பார்சலிலும் லாரியிலும் ஜோடி ஜோடியாகக் காணாமல் போனதாம். ஒற்றைக் காலை எவன் திருடுவான் என்று பெரியவர் யோசித்து வைத்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். லாரி காலத்துக்கு. விமானத்துக்கு எதற்கு இது, நானும் மேனேஜரும் ஒரே விமானத்தில் ஜோடியாகவே கொண்டுபோகிறோமே என்று கேட்டேன். முதலாளி சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் அந்த அறையில் யாரும் பேசுவதில்லை.

மேனேஜர் வாணியம்பாடிக்காரர், நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இடது கால் பெட்டியோடு ஒரு கம்பெனியின் காலை விமானத்தில் கிளம்பிப் போய்விட்டார். நான் வலது கால் பெட்டியோடு இன்னொரு கம்பெனியின் மதிய விமானத்தில் போக வேண்டும். வேலூர்ப் பக்கமே விமானம் வரப்போகிறது என்று எத்தனையோ வருடமாகப் பேச்சு இருக்கிறது. நாங்கள் சென்னைக்குப் போய்த்தான் பறந்துகொண்டிருக்கிறோம். மீட்டிங் மறுநாள் மதியம் மூன்று மணிக்கு. ஆர்டர் போடுகிற அம்மா அன்று சாயங்காலமே வெளிநாடு போகிறார். அதற்குள் முடிவு செய்துவிடுவார்.

சென்னையில் என் பெட்டியை எடை போட்டு உள்ளே அனுப்பினார்கள். கையில் கொண்டுபோக விடவில்லை, பெட்டி பெரிசாம். போர்டில் என் விமானம் சரியான நேரத்துக்கு என்று பச்சை எழுத்தில் காட்டியது. வாசலுக்கு வெளியே விமானமே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெறும் தரை. போர்டு மட்டும் விடாமல் சரியான நேரம், சரியான நேரம் என்று காட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மணி நேரம் தாமதம். பிறகு இன்னும் ஒரு மணி நேரம். இதற்கு நடுவில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிற உப்புமா ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். நியாயம் கேட்கப் போனவர்களில் பாதிப் பேர் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பசி.

கடைசியில் ரத்து. காரணம் தொழில்நுட்பமாம். கையில் வாக்கிடாக்கியோடு இருந்தவனிடம் என்ன தொழில்நுட்பம் என்று கேட்டேன். அவன் அந்த வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்து போனான். யாரும் அந்தப் பக்கம் பேசிய மாதிரித் தெரியவில்லை. என்னை ஹைதராபாத் வழியாகப் போகிற இன்னொரு விமானத்தில் ஏற்றினார்கள். பெட்டி என்று கேட்டதற்கு, "ஆட்டோமேட்டிக்கா வந்துடும் மேடம்" என்றாள் கவுண்டர் பெண். என் இத்தனை வருட அனுபவத்தில் ஆட்டோமேட்டிக்காக வந்து சேர்ந்தது எதுவும் இல்லை. ஊசியில் நூல் கோர்ப்பதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும்.

டெல்லியில் இறங்கி, பெல்ட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாருடைய பெட்டியும் வந்தது. கடைசியில் யாரோ விட்டுப்போன ஒரு குழந்தைத் தள்ளுவண்டி மட்டும் தனியாகச் சுற்றியது. புகார் கவுண்டரில் இருந்தவன் பெட்டியில் என்ன என்று கேட்டான். ஷூ என்றேன். எத்தனை ஜோடி என்றான். ஜோடி இல்லை, எல்லாமே வலது கால் என்றேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்தான். பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னான். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் தேடிப் பார்த்து, என் பெட்டி குவாஹாட்டி போய்விட்டது என்றார்கள். நாளை ராத்திரிக்குள் வந்துவிடுமாம். மூன்று மணிக்கு மீட்டிங் என்றேன். வருந்துகிறோம் என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல்.

தங்கியிருந்த இடத்துக்குப் போனால் பாய் இடது கால்களைச் சுவரோரம் வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த பிராண்டில் ஒரு பெண்ணின் காலில் போட்டு நடக்க வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஜோடி இல்லாமல் நடக்க முடியாது. நடக்காமல் ஆர்டர் இல்லை. இதில் பேரம் பேச இடமே இல்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு செட் செய்து கம்பெனியில் வைத்திருப்போம். அதிலும் வலது கால் தனிப் பெட்டிதான். யாராவது ஒருவர் அந்தப் பெட்டியோடு காலையில் முதல் விமானம் பிடித்தால் மத்தியானத்துக்குள் டெல்லி வந்துவிடலாம். பாய் முதலாளிக்கு போன் போட்டு இதைத்தான் சொன்னார். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"அவனுங்கள இன்னொரு தடவ நம்ப சொல்றியா பாய்? நானே எடுத்தாறேன். தனி ஃப்ளைட்டு."

வாடகைக்கு ஒரு சின்ன விமானத்தைப் பிடித்து சென்னையிலிருந்து நேராக டெல்லிக்குப் பெட்டியோடு வருவது என்று அவர் திட்டம். வாணியம்பாடியில் ஒரு முதலாளி மகன் கல்யாணத்துக்கு ஹெலிகாப்டர் இறக்கியதிலிருந்து எங்கள் முதலாளிக்கு மனசு ஆறவில்லை என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நாட்றம்பள்ளிப் பெண்களுக்காக ஒரு மனிதர் விமானமே பிடிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

தங்கைக்கு போன் போட்டுச் சொன்னேன். அவள் மறுநாள் காலை வேனில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். நாம் தைத்த ஷூ தனி விமானத்தில் போகிறது என்று வேன் முழுக்க அதே பேச்சாம். ஒருத்தி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாளாம், இன்னொருத்தி தர்காவில் சர்க்கரை வைப்பதாக நேர்ந்துகொண்டாளாம். வேனில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அவர்கள்.

அதே நாள் காலையிலேயே கம்பெனி வாட்ஸப் குரூப்பில் படங்கள் வர ஆரம்பித்தன. முதலாளி விமானத்தின் படியில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறார். முதலாளியும் மச்சானும் நிற்கிறார்கள். மச்சானும் அவர் மனைவியும் நிற்கிறார்கள். ரியல் எஸ்டேட் செய்கிற நண்பர் ஒருவர் விமானத்தின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு படத்தில் துணியால் வாய் கட்டிய பிரியாணி டபரா, அண்டா அளவுக்கு. மச்சானுக்கு ரொம்ப நாளாகத் தாஜ்மஹால் பார்க்க ஆசையாம், எப்படியும் வடக்கேதானே போகிறோம் என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மேனேஜர்கள், சூப்பர்வைசர்கள் எல்லாரும் கைகூப்புகிற பொம்மையும் பூவும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிலும் அட்டைப்பெட்டி தெரியவில்லை. உள்ளே வைத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

டெல்லியில் வாடகை விமானம் பிடிக்கிறவர்களுக்குத் தனிக் கட்டடம். அங்கே வரிசை இல்லை, உப்புமா இல்லை, வருந்துகிறோம் என்று சொல்ல ஆளும் இல்லை. சோபாவும் ஈரத் துண்டும் இருந்தன. அந்தப் பக்கம் தாமதம் ஆனால் அதற்குப் பெயர் தாமதம் இல்லை, முதலாளி மெதுவாக வருகிறார் என்று பெயர். பாயும் நானும் வாசலில் கார் வைத்துக்கொண்டு நின்றோம். மீட்டிங்குக்கு நேரம் போதும். பாய்க்குக் கூட முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

வந்தார்கள். முதலில் முதலாளி, பின்னால் சொந்தம், கடைசியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு டபரா. முதலாளி எங்களைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பெட்டி எங்கே என்று கேட்டேன். அவர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"அந்த அட்டப் பெட்டியா? வெயிட் ஜாஸ்தின்னு பைலட் சொன்னாரு. தொறந்து பாத்தேன், எல்லாம் ஒத்தக் காலா இருந்துது. ரிஜெக்ட்டுன்னு நெனச்சி எறக்கிட்டேன்."

இதை அவர் கூச்சமே இல்லாமல், ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டவர் குரலில் சொன்னார். பிறகு, பெட்டியை ஆம்பூரிலிருந்து சென்னைக்குக் காரில் கொண்டுவந்த கம்பெனி டிரைவரிடம் கேட்டபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. அது சின்ன விமானம். நடுவில் எங்கும் இறங்காமல் டெல்லி வர எண்ணெய் நிறைய பிடிக்க வேண்டும், அதனால் எடை முக்கியம். பைலட் எல்லாரையும் ஒவ்வொருவராக எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றை இறக்குங்கள் என்றார். டபராவைக் காட்டித்தான் சொன்னாராம். முதலாளி அப்போது படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் டபராவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், முடிவு செய்தார். டிரைவர் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கே திரும்பிவிட்டார். யாரும் அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

முதலாளி மச்சானைத் திட்டவில்லை. வீட்டுக்காரம்மாவின் தம்பி. எங்களைப் பார்த்து, நீங்கள் போய்ப் பேசிப் பாருங்கள், இடது காலைக் காட்டுங்கள், நம் குவாலிட்டி தெரியாதா அவர்களுக்கு என்றார். பிறகு வேறு காரில் ஏறி ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். அவர் அப்பா செய்த ஏற்பாடு அவர் வீட்டிலேயே ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. திருடனுக்கென்று வைத்த பொறியில் சொந்த மச்சான் விழுந்தார். அவருக்கு ஒன்றும் அடிபடவில்லை.

மூன்று மணிக்கு இடது கால்களைக் கொண்டுபோய் மேஜையில் அடுக்கினோம். அந்த அம்மா மரியாதையானவர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். போட்டுப் பார்க்கிற பெண் வந்தாள். இடது காலில் எங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு வலது காலுக்குக் கையை நீட்டினாள். கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. சொந்தச் செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்தாள். நொண்டினாள். அறையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பாய் விமானம் ரத்தானதைச் சொன்னார். வாடகை விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எப்படிச் சொல்வது. அந்த அம்மா புரிகிறது என்று தலையாட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார். நான் ஒரு ஷூவைக் கையில் எடுத்துத் தையலைக் காட்டினேன். ஒரு நிமிடம் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, பார்க்காமலே மேஜையில் வைத்தார். வெளியே ஆக்ராக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்தாராம். நாங்கள் பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது வாடகை விமானத்தில் எங்களுக்கு இடம் இருக்குமா என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் ஆக்ரா போய்விட்டுத்தான் வருவார்கள். பாயும் நானும் வழக்கமான விமானத்தில் வந்தோம். அது ஒரு நிமிடம் கூடத் தப்பாமல் கிளம்பியது. கொண்டுபோக ஒன்றும் இல்லாதபோது இவர்கள் இப்படித்தான். விமானத்தில் பாய் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னாத்த சொல்றதுக்கா, பேஜார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கஷ்டம் வந்தால்தான் அவர் என்னை அக்கா என்பார், மற்ற நேரத்தில் மேடம். குவாஹாட்டி போன பெட்டி பிறகு ஒருநாள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாக எனக்கு ஒரு மெசேஜும் வந்தது.

நாட்றம்பள்ளி யூனிட்டைச் சொன்ன மாதிரியே பூட்டினார்கள். மார்க்கெட் நிலவரம் சரியில்லை என்று கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆம்பூர் ஆபீஸில் வருகிறவர்கள் உட்காருகிற இடத்தில், பெரியவர் படத்துக்குப் பக்கத்தில், முதலாளி விமானப் படியில் நிற்கிற படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அது சொந்த விமானமா என்று கேட்கிறார்கள். ரிசப்ஷன் பெண் இல்லை என்று சொல்வதில்லை.

யூனிட் மூடிய வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, டெல்லியில் என்ன குறை சொன்னார்கள் என்று கேட்டாள். நான் அவளுக்கு முழுக்கச் சொன்னேன். விமானம் ரத்தானது, பெட்டி குவாஹாட்டி போனது, மச்சான், டபரா, நொண்டிய பெண் எல்லாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளி வீட்டு வம்சத்தையே இழுத்துத் திட்டினேன்.  முடிந்ததும், "அதெல்லாம் சரிக்கா, தையல பாத்துட்டு இன்னா சொன்னாங்க?" என்றாள்.

ஒன்றும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை பேருடைய வேலையைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்வார்களா என்று கேட்டாள். அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில். இதில் இத்தனை பேர் இருக்கிறார்கள். விமானக் கம்பெனி, மச்சான், முதலாளி, அந்த அம்மா. ஒருத்தர் வாயிலிருந்தாவது தப்பு என்னுடையது என்று வந்ததா என்று கேட்டேன்.  அவள் பிசைந்த சாதத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பழுப்புக் கலர்ல, குதிகால் வளைவுல ஒரு தையல் லேசா இழுத்துருந்துதுக்கா. அன்னிக்கே பிரிச்சித் தச்சிருக்கணும். அதான் இருக்கும்."